பாட்டும் வரவில்லை, படமும் வரவில்லை என்றால்?

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 38. நிதி நிறுவனம் ஒன்றில் வசூல் பிரிவில் வேலை. பள்ளிக்கூட நாளில் வாய்ப்பாட்டு கற்றவர், இடையில் விட்டுப்போய் இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறார். மேல் ஸ்தாயி எட்டவில்லை, குரல் பிசிறடிக்கிறது. நடுவில் நீர்வண்ண ஓவியமும் பழகிப் பார்த்திருக்கிறார். இலையைப் பழுப்பு நிறத்தில் தீட்டிவிட்டாராம், வகுப்பே சிரித்ததாம். "எனக்குக் கலை வராது என்று ஒப்புக்கொண்டு ஒதுங்கிவிடுவதா, இன்னும் முட்டி மோதிப் பார்ப்பதா? எனக்கென்று ஏற்றது ஒன்று இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பது கேள்வி. பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: வசூலுக்குப் போகும் ஊர்களில் பழைய வீடுகளின் முகப்பில் இருக்கும் பெயரையும் வருஷத்தையும் படமெடுத்து ஒரு நோட்டில் குறித்துவைக்கிற பழக்கம் உண்டு என்று.

தம்பி, நான் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வராது என்று சொல்லிக்கொண்டு வந்த பிள்ளைகளை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத பல காரணங்கள் ஒளிந்திருக்கும். எது எந்தக் காரணம் என்று பிரித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்வதும் தப்பு, முட்டி மோதுவதும் தப்பு. அதனால் உங்கள் பாட்டையும் படத்தையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பாட்டு. எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில், பாடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பள்ளிக்கூட நாளில் கற்றேன் என்கிறீர்கள். அப்போது உங்கள் குரல் உடைந்திருக்காது. சிறுபிள்ளைக் குரலுக்கு ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை எல்லாம் சாதாரணம். ஆண் பிள்ளைக்கு விடலைப் பருவத்தில் குரல்நாண் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். பெரிய ஆண் பாடகர்களே பொதுவாக ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள்தான் சுருதி வைத்துக்கொள்கிறார்கள். குழந்தைகளும் பெண்களும் நிறைந்த வகுப்பில் உட்கார்ந்து அவர்களுடைய சுருதிக்கே நீங்களும் பாடினால் மேல் ஸ்தாயி எப்படி எட்டும்? ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, தனியாக ஒரு கட்டைக்குச் சுருதிப் பெட்டியை இறக்கிவைத்து, அதே வர்ணத்தைப் பாடிப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னும் அரைக் கட்டை இறங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

இதே காரைக்குடியின் பெயரை ஊரறியச் செய்த வீணைச் சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார். இளையவர் சாம்பசிவ ஐயர், 1952-இல் சங்கீத கலாநிதி பெற்றவர், எல்லாரையும்போல் கிடத்தி வாசித்தார். ஒரே வீடு, ஒரே பாணி, பிடிக்கிற விதம் மட்டும் அவரவருக்கு வேறு. ஒரு கலையை விடுவதற்கு முன்னால் அதைப் பிடித்திருக்கும் விதத்தை மாற்றிப் பார்த்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுருதியை இறக்கியும் தாரஸ்தாயிப் பஞ்சமம், அதாவது மேல் ஸ்தாயியின் 'ப', நிற்கவில்லை என்றால், அது குரல்நாணின் அளவு. சாதகம் செய்தால் மேலேயும் கீழேயும் சில ஸ்வரங்கள் கூடும், அதற்கு மேல் உடம்பு இடம் கொடுக்காது. அந்த இடத்தில் முட்டி மோதினால் குரல்நாணில் முடிச்சு விழக்கூடும். பாட்டு வாத்தியார்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் தொண்டை டாக்டரிடம் போய் நிற்பது பல நேரம் இதற்காகத்தான். பிசிறு தொடர்ந்து இருந்தால் நீங்களும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அடுத்தது ஓவியம். நீங்கள் எழுதியதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அந்தப் பழுப்பு இலை. சிரித்தவர்கள் யாரும் உங்களைக் கண் டாக்டரிடம் போகச் சொல்லவில்லையா? சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் ஒன்றோடொன்று குழம்புவது பிறவியிலேயே வருகிற ஒரு குறை. தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது அதிகம், பெண்களுக்கு அபூர்வம். பல பேருக்கு அது இருப்பதே தெரியாது, பிறந்ததிலிருந்து அப்படியேதானே பார்க்கிறார்கள். புள்ளி புள்ளியாக வண்ணம் இட்ட அட்டையில் மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. ஜப்பானிய டாக்டர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்டது. சில நிமிஷ வேலை. என் வகுப்பில் கிரேயானின் மேல் சுற்றியிருக்கும் தாளில் பெயரைப் படித்துவிட்டு அப்புறம் பச்சையை எடுக்கும் பையன்கள் இருந்திருக்கிறார்கள். தாள் கிழிந்துபோனால் பக்கத்துப் பையனிடம் கேட்பார்கள். அப்படி ஒரு பையனிடம் வண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு, கறுப்பு மையும் கட்டைப் பேனாவும் கொடுத்தேன். ஊரில் இருக்கும் ஒரு நிலைக்கதவை வரைந்துகொண்டு வந்தான். கதவுக் குமிழுக்கு அடியில் விழும் நிழலைக் கோடு கோடாக இழுத்து இழுத்து, அந்தக் குமிழ் தாளைவிட்டு வெளியே நிற்கிற மாதிரி செய்திருந்தான். வண்ணத்தில் திணறிய பிள்ளை வெளிச்சத்தையும் இருட்டையும் அத்தனை நுணுக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

'சித்திரமும் கைப்பழக்கம்' என்று நம்மிடம் சொல்லுவார்கள். முழுக்க உண்மை. ஆனால் அது கைக்குச் சொன்னது. கண்ணின் அமைப்பையும் குரல்நாணின் நீளத்தையும் பழக்கம் மாற்றாது. கோடு நடுங்குகிறதா, தாளம் தப்புகிறதா, வாக்கியம் சரியாக அமையவில்லையா? அங்கே பழகினால் வந்தே தீரும், ஆறு மாசத்தில் ஓடிப்போகக் கூடாது. சோதனையில் வண்ணக் குறை இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும், அன்றைக்கே நீர்வண்ணத்தோடு போடும் சண்டையை நிறுத்திவிட்டுக் கோட்டுக்கு வாருங்கள். இல்லை என்று தெரிந்தால் இலை பழுப்பானதற்குக் காரணம் கலவைதான். அதை எந்த நல்ல ஆசிரியரும் ஒரு வாரத்தில் திருத்திவிடுவார்.

இதெல்லாம் உடம்பின் எல்லை. உங்கள் கேள்வியில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கலை என்றால் மேடையில் பாடுவது, இல்லையென்றால் சட்டம் போட்டு மாட்டுகிற படம், இந்த இரண்டோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். நம் பக்கத்தில் பிறந்தவர் இப்படி நினைப்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஒரு காலைப்பொழுது ஆத்தங்குடிக்குப் போய் டைல்ஸ் பட்டறையில் நின்று பாருங்கள். கண்ணாடித் துண்டு ஒன்றைத் துடைத்து வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, சட்டத்துக்குள் தகட்டில் செய்த அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் கூழாகக் கரைத்த வண்ணச் சிமெண்டைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். பிறகு அச்சை நேராக மேலே தூக்கிவிடுவார்கள். கை ஒரு இழை சாய்ந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டு மணல் பொடியைத் தூவினால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் சாந்தை வைத்து அமுக்கி, மட்டம் தட்டி எடுத்து வைப்பார்கள். இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி தனியாகக் கழன்று வரும். சூளையும் கிடையாது, பாலிஷும் கிடையாது. அந்தப் பளபளப்பு முழுக்கக் கண்ணாடியின் முகத்திலிருந்து வந்தது. நடக்க நடக்க இன்னும் கூடும்.

அச்சே இல்லாமல் பூப் போடுகிறவர்களும் அங்கே உண்டு. கைப்பூ என்பார்கள். ஈரக் கூழின்மேல் வேறொரு வண்ணத்தை விட்டு, கை போகிற போக்கில் இழுத்து இதழாக்கிவிடுவார்கள். கூழ் இறுகுவதற்குள் முடிக்க வேண்டும், நின்று யோசிக்க நேரம் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் கைப்பூக்காரரைச் சுற்றித்தான் நிற்பார்கள். பக்கத்தில் அச்சு வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம், நீங்கள் கைப்பூப் போடுவதில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "அது நமக்கு வராதுங்க சார். ஆனா நான் தூக்குன அச்சுல கோடு கலங்காது" என்றார். குரலில் ஏக்கமும் இல்லை, பெருமையடிப்பும் இல்லை. இன்னொருவர் வண்ணம் கலப்பவர். போன வாரம் கலந்த பச்சையும் இந்த வாரம் கலக்கும் பச்சையும் ஒரே தரையில் அடுத்தடுத்து வரும் என்பதால், அவர் கண் அளவுக்கு மிஞ்சிய அளவு கிடையாது. கைப்பூ போடுகிறவர் இவர்கள் இரண்டு பேருடைய வேலைக்கும் வரமாட்டார்.

அந்தப் பெரியவரால் அப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், ஒரு கலைக்குள் எத்தனை வேலை இருக்கிறது என்பதை அவர் தினமும் கண்ணால் பார்க்கிறார். தனக்கு வராதது எது என்று தெரிகிற அதே இடத்தில், வருவது எது என்பதும் தெரிந்துவிடுகிறது. வெளியே நின்று பார்க்கும் நமக்குக் கைப்பூ ஒன்றுதான் தெரிகிறது.

சினிமாவிலும் இதே கதைதான். காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் (1907–1979) தகப்பனாரின் கடையில் கிராமபோன் ரெக்கார்டு விற்பதில் தொடங்கியவர். நடிகரும் இல்லை, பாடகரும் இல்லை. முதலில் எடுத்த படங்கள் கையைக் கடித்தன. ஆனால் எந்தப் பாட்டை ஜனங்கள் கேட்பார்கள், எந்தக் குரலுக்கு எந்த முகம் பொருந்தும் என்பதில் அவருக்குக் காது இருந்தது. 1938-இல் அவர் எடுத்த ஒரு படத்தில், நடித்த பெண்ணின் பாட்டு சரியாக அமையவில்லை. அவரை வருத்தாமல் வேறொருவரைப் பாடவைத்து அந்தக் குரலைச் சேர்த்துவிட்டார். தமிழில் பின்னணிப் பாடலுக்கு அதைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். யுத்த காலத்தில் இங்கேயே தேவகோட்டை சாலையில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1948-இல் அது சென்னைக்குப் போனது. ஒருவருக்கு முகம், இன்னொருவருக்குக் குரல் என்று ஒப்புக்கொண்டதிலிருந்துதான் ஒரு பெரிய கலையே பிறந்திருக்கிறது.

கண்ணதாசனைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. சிறுகூடல்பட்டிப் பிள்ளை, பிறந்தது 1927. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சினிமாவில் நடிக்கும் ஆசையோடு சென்னைக்குப் போனவர். நடிப்பு வாய்க்கவில்லை. பத்திரிகை வேலைக்குப் போனார், 1949-இல் முதல் சினிமாப் பாட்டு எழுதினார். அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. 1957-இல் திருக்கோஷ்டியூரில் தேர்தலில் நின்று தோற்றார். சொந்தப் படம் எடுத்துப் பெருங்கடனில் விழுந்தார். இதையெல்லாம் வீண் முயற்சி என்று நான் சொல்லமாட்டேன், அந்த அடிகள் பாட்டுக்குள் போயிருக்கின்றன. ஆனால் மெட்டைக் கேட்டவுடன் சொல் வந்து விழும் அந்த ஓர் இடத்தில் மட்டும் அவர் எதையும் முட்டி மோதவே இல்லை. மற்ற இடங்களில் அவர் உழைத்தார், தோற்றார். அங்கே உழைத்தது வெளியே தெரியவே இல்லை.

அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவர் அதே ஊர்க்காரரான அண்ணன் மகன் பஞ்சு அருணாசலம். எனக்கு இவர் கதைதான் இன்னும் பிடிக்கும். அப்பேர்ப்பட்ட சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து வருஷக் கணக்கில் பாட்டெழுதி வாங்கிய பிள்ளைக்கு, தனக்குப் பாட்டு வராது என்று ஒடிந்துபோவது எவ்வளவு எளிது! அவரும் நல்ல பாட்டுகள் எழுதினார். ஆனால் தன் பலம் கதையைக் கோப்பதிலும் படத்தை நடத்திக்கொண்டு போவதிலும் இருக்கிறது என்று கண்டுகொண்டார். திரைக்கதைக்கும் தயாரிப்புக்கும் போனார். 1976-இல் இளையராஜாவை அறிமுகப்படுத்தியதும் அவர்தான். இன்னொருவரிடம் இருக்கும் திறமையை முதல் ஆளாகக் கேட்டுப் புரிந்துகொள்வதும் ஒரு படைப்பாளியின் காதுதான்.

சரி, உங்களுக்கு எது? இதற்கு வெளியாள் பதில் சொல்ல முடியாது என்பார்கள். உங்கள் விஷயத்தில் முடியும் என்று நினைக்கிறேன், நீங்களே எழுதிவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பாட்டைப் பற்றி எழுதிய இடத்தில் என்ன ராகம், என்ன கீர்த்தனை, யார் பாடிக் கேட்டது என்று ஒரு சொல்கூட இல்லை. எட்டவில்லை என்ற வலி மட்டும் இருக்கிறது. ஓவியத்தைப் பற்றி எழுதிய இடத்தில் மற்றவர்கள் சிரித்தது இருக்கிறது, என்ன மரத்தை வரைந்தீர்கள் என்பது இல்லை. முகப்பைப் பற்றிய இடத்தில் மட்டும் பெயர், வருஷம், படம், நோட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை யாரும் உங்களைச் செய்யச் சொல்லவில்லை, நன்றாகச் செய்கிறாயா என்று யாரும் சோதிக்கவும் இல்லை. யாரும் கேட்காமலே ஒருவன் விவரம் சொல்லத் தொடங்குகிற இடம் எதுவோ, அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வகுப்பில் பிள்ளைகளையும் அப்படித்தான் கண்டுகொள்வேன். என்ன ஆக ஆசை என்று கேட்டால் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள். நேற்று என்ன பார்த்தாய் என்று கேட்டால்தான் ஆளுக்கு ஆள் வேறாகும்.

இன்னொரு சோதனையும் உண்டு. எந்தக் கலையிலும் அலுப்பான பகுதி ஒன்று இருக்கும், வேலையில் பாதிக்கு மேல் அதுதான். பாடகருக்கு விடியற்காலைச் சாதகம். நெசவாளருக்குப் பாவு ஓட்டுவது, அதாவது தறிக்கு நீள நூலை வரிசைப்படுத்துவது. நம் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லாரும் அந்தக் கட்டத்தையும் பட்டைக் கரையையும் பேசுகிறோம். தறியில் உட்காருவதற்கு முன்பே நூலைக் கணக்குப் போட்டு, நிறத்தை வரிசைப்படுத்தி, பாவிலேயே கட்டத்தை முடிவுசெய்துவிட வேண்டும் என்பதை யார் பேசுகிறார்கள்? அந்த அலுப்பு ஒருவருக்கு அலுக்காமல் இருந்தால் அது அவருடைய வேலை. மேடை பிடித்திருக்கிறது, சாதகம் பிடிக்கவில்லை என்றால் நமக்குப் பிடித்திருப்பது கைதட்டல். வசூலுக்கு அலைந்து களைத்த மத்தியானத்தில் வண்டியை நிறுத்தி, வெயிலில் அண்ணாந்து பார்த்து, ஒரு வருஷத்தை நோட்டில் எழுதுகிறீர்களே, அது உங்களுக்கு அலுக்கவில்லை.

இதெல்லாம் கலையா, பொழுதுபோக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா (1886–1964) பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவரைப் பெரிய ஓவியர் என்று இன்று யாரும் பேசுவதில்லை. ஆனால் அவர் பழைய தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் ஆயுள் முழுக்கத் தேடித் தேடிச் சேர்த்தார். மற்றவர்கள் பொட்டலம் கட்டப் போட்டதை அவர் எடுத்து வைத்தார். அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-இல் அதை வைத்துச் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிற யாரும் அந்த மனிதர் கண்ணைத் தாண்டிப் போக முடியாது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தெரிவதும் படைப்புத்தான்.

சா. கணேசனையும் நினைத்துக்கொள்ளுங்கள். கம்பன்மேல் உயிரை வைத்திருந்தவர், கம்பனைப்போல் காவியம் எழுதக் கிளம்பவில்லை. 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கி, பங்குனியில் விழா எடுத்து, தமிழறிஞர்களை ஒரே பந்தலில் உட்காரவைத்தார். குறித்த நேரத்துக்குக் கூட்டம் தொடங்கும், குறித்த நேரத்துக்கு முடியும் என்பதையே ஒரு மரபாக்கிவிட்டார். கம்பன் அடிப்பொடி என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். தனக்கு எந்த இடம் என்று தெரிந்த ஒருவர் எவ்வளவு பெரிய காரியம் செய்ய முடியும் என்பதற்கு இந்த ஊரில் வேறு ஆதாரம் தேவையில்லை.

நேரமும் ஓர் எல்லைதான், அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும் சொல்கிறேன். வேலை, குடும்பம், அலைச்சல் உள்ளவருக்குத் தினமும் மூன்று மணி நேரச் சாதகம் நடக்காது. நம் ஆச்சிமார் கொட்டான் என்கிற ஓலைக்கூடை பின்னியதைப் பார்த்திருப்பீர்கள். பனையோலையைக் காயவைத்து, கீறி, சாயத்தில் கொதிக்கவைத்து எடுத்து வைத்துவிடுவார்கள். மத்தியானச் சமையலுக்கும் சாயந்தர விளக்குக்கும் நடுவில் கொஞ்சம் ஓலையை ஈரத்தில் நனைத்து எடுத்து ஒரு சுற்றுப் பின்னுவார்கள். யாராவது வந்தால் அப்படியே மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்துவிடலாம், நாளைக்கு விட்ட இடத்தில் தொடரலாம். அதற்கேற்ற கலையாக அது அமைந்திருந்தது. உங்கள் முகப்பு வேலையும் அப்படிப்பட்டதுதான். நின்ற இடத்தில் செய்யலாம், விட்ட இடத்தில் எடுக்கலாம், வயிற்றுப் பிழைப்புக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது.

பாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு கட்டையில் உங்களுக்காகப் பாடுங்கள். பிள்ளையார்பட்டியில் ஒரு பதிகம், குன்றக்குடி மலையேறும்போது ஒரு திருப்புகழ், அதற்குத் தாரஸ்தாயிப் பஞ்சமம் வேண்டியதில்லை. வீட்டிலும் ஆபீசிலும் வான்கோழி என்று யாராவது சொன்னால், அவர்களிடம் வாதாட வேண்டாம். அவர்கள் பார்த்தது நீங்கள் தவறான சுருதியில் நின்றதைத்தான்.

இனி நோட்டைப் பற்றி. செட்டிநாட்டின் இந்த எழுபத்துச் சொச்சம் ஊர்களிலும் வீடுகள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததோடு, அங்கே தொழில் செய்த பல குடும்பங்களின் வரும்படி நின்றது. அப்புறம் பங்காளிகள் பெருகி, ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு என்றாகி, பூட்டிக் கிடந்து, கடைசியில் தேக்குக் கதவும் தூணும் தனித்தனியாகப் பழம்பொருள் கடைக்கு வந்துவிடுகின்றன. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு 2014-இல் சேர்ந்தது. ஆனால் பட்டியலில் இருப்பதால் ஒரு சுதைச் சிற்பமும் உதிராமல் நிற்காது. நீங்கள் எழுதுவதில் பாதி, பத்து வருஷத்தில் வேறெங்கும் இருக்காது.

அதனால் கொஞ்சம் ஒழுங்காகச் செய்யுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். ஊர், தெரு, முகப்பில் உள்ள எழுத்து எழுத்துப்பிழையோடு அப்படியே, மேலே கஜலட்சுமியா வேறு உருவமா, பட்டாலைத் (முன்கூடத்) தரை என்ன, தூண் என்ன, வளவில் (உள்முற்றத்தில்) நின்று பார்த்தால் எத்தனை கட்டு தெரிகிறது. உள்ளே போக வேண்டுமென்றால் காவல்காரரிடம் கேட்டு, வீட்டுக்காரர் ஒருவரிடமாவது போனில் அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். வசூலுக்குப் போன வீட்டில் அன்றைக்கே இதைக் கேட்க வேண்டாம், வேறொரு நாள் தனியாகப் போங்கள். படம் எடுக்கக் காலை வெயில் அல்லது சாயந்தர வெயில்தான் சரி. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் சுதையின் மேடுபள்ளம் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். வண்ணம் உங்களுக்குக் குழம்பினாலும் இதற்கு ஒரு குறையும் வராது. நிறத்தை மட்டும் கூட இருப்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சில முகப்புகளில் ஆங்கில வருஷம் இருக்காது, தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருக்கும். அங்கேதான் வேலை சுவையாகிறது. விபவ வருஷம் என்று இருந்தால், அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருவதால், 1868-ஆகவும் இருக்கலாம், 1928-ஆகவும் இருக்கலாம். ஜப்பான் டைல்ஸும் சிமெண்டு வேலையும் கண்ணில் பட்டால் பின்னது என்று தோன்றும். ஆனால் அவை பழைய வீட்டில் பிற்பாடு பதித்தவையாகவும் இருக்கும். அப்போது வீட்டில் மூத்த ஆச்சி யாராவது இருந்தால், வீடு எந்த வருஷம் கட்டியது என்று கேட்காதீர்கள், தெரியாது என்பார்கள். இந்த வீட்டில் முதல் கல்யாணம் யாருக்கு நடந்தது என்று கேளுங்கள். ஆளைச் சொல்வார்கள், அவர் தங்களுக்கு என்ன முறை என்பதையும் சொல்வார்கள். அந்தக் கல்யாணத்துக்கு எழுதிய இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாணப் பத்திரம்) பெட்டகத்தில் இருந்தால் அதில் தேதி இருக்கும்.